புல்லுருவிக் குத்தகை

புல்லுருவியின் விலை ரெண்டே கால் ரூபாய். 1969, டிசம்பர் மாத விலை இது. அதற்கு முன்னால் அதற்கு விலையென்று ஒன்று இருந்ததில்லை. அடுத்தவன் மேல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சிக் குடிக்கிற ஜாதிக்கெல்லாம் விலை வைத்தால் எங்கள் கடைவீதியில் பாதிப் பேர் லட்சாதிபதி. ஆனால் வாங்க வந்தவருக்கு அது விலைமதிப்பில்லாத பொருள். விட்டிருந்தால் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருப்பார். அப்படிக் கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் நான் கூடப் போனேன். போனதால் வந்த வினைதான் இந்தக் கதை.

என் பெயர் சனாவுல்லா. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் கமிஷன் மண்டி. தொழிற்பேட்டைச் சூளைகளில் வேகிற பொம்மை, ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை எல்லாம் என் கடையில் வைக்கோல் சுற்றிக்கொண்டுதான் ரயில் ஏறும். அத்தா தோல் வியாபாரி, அவருக்கு முன்னால் எல்லாரும் மாட்டு வியாபாரிகள். எங்கள் வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதே பேரம்தான். தாய் ஐந்து வாய் என்பாள், பிள்ளை ஒரு வாய் என்னும், மூன்றில் முடியும்.

கடைக்கு மேல்மாடியை அந்த ஆடியில் வாடகைக்கு எடுத்தவர் அம்புஜவல்லி. ஸ்ரீமுஷ்ணத்துக் கோயில் குடும்பம், முப்பத்து நாலு வயது, கல்யாணம் வேண்டாம் என்றவர். மொழியியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். மொழியியல் என்றால் என்ன என்று கேட்டேன். மனிதர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை விட எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பது என்றார். அட, நம்ம தொழில் என்று வாடகையில் ஐந்து ரூபாய் குறைத்துவிட்டேன். அதற்காக என் மனைவி தாஜ் நிஷா என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

சூளைத் தொழிலாளிகள், சந்தைத் தரகர்கள் பேச்சையெல்லாம் பதிவு செய்வது அவருக்கு வேலை. டிரங்குப் பெட்டி அளவு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைவார். மாட்டுச் சந்தைக்கு ஒரு நாள் அழைத்துப் போனேன். அங்கே தரகரும் வாங்குகிறவரும் கைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ரெண்டு விரலைப் பிடித்தால் ரெண்டு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. அது பத்தா நூறா என்பதை மாட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் திறந்தால் பேரம் கெட்டது. இதைப் பார்த்ததும் அம்புஜவல்லி அம்மாவுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. சத்தமே இல்லாத ஒரு மொழி, அதுவும் போர்வைக்குள்ளே, என்று ரெக்கார்டரை அணைத்துவிட்டுச் சிரித்தார், அதில் பதிவதற்குத்தான் ஒன்றும் இல்லையே.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார். அந்நியப் பெண் கையைத் துண்டுக்குள் பிடித்து நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நான் தாஜ் நிஷாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இதனால் விளைந்த ஒரே நஷ்டம், அன்றிலிருந்து வீட்டுச் செலவுப் பணத்துக்கும் முந்தானைக்குள் கை நீளுகிறது.

அம்மா கதையும் எழுதுவார். மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர் வந்துகொண்டிருந்தது. நடந்த கதை இல்லை, நடந்தால் எப்படி இருக்கும் என்கிற கதை. நிலாவில் மனிதன் கால் வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்த சமயம், ஆசிரியர் ராக்கெட் கேட்டார். இவர் நிலாவே இல்லாத ஒரு கிரகத்தைக் கொடுத்தார். அங்கே மரங்கள்தான் குடிமக்கள். மண்ணுக்கடியில் ஒன்றின் வேரை ஒன்று பிடித்துப் பேசும். ஒரு மரத்தைப் பற்றி மற்ற மரங்கள் என்ன சொல்கின்றனவோ அது அப்படியே ஆகிவிடும். நீ பட்டுப்போவாய் என்று பத்து வேர் சொன்னால் பட்டுப்போகும். அதனால் அங்கே யாரும் யாரையும் பழித்துப் பேசுவதில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். வாசிக்கும்போது படியில் உட்காரவும் மாட்டார், நிற்கவும் மாட்டார், ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். அந்தக் கிரகத்தில் கடை உண்டா என்று ஒரு முறை கேட்டேன். கடை இல்லை, கடன் உண்டு என்றார். அப்போ பிழைத்துக்கொள்ளும் என்றேன்.

அவரிடம் இன்னொரு சங்கதியும் இருந்தது. வேல்ஸ் என்கிற சீமையில் நாலு வருஷம் படித்தபோது ட்ரூயிடு நெறியில் சேர்ந்திருந்தார். அந்தத் தேசத்தின் பழைய மரவழிபாட்டைத் திரும்ப எடுத்து நடத்துகிற ஒரு கூட்டம். சாமி சிலை கிடையாது, கூரை கிடையாது. மரம், சூரியன், ஆறு, அவ்வளவுதான். சடங்கு தொடங்கும் முன் நாலு திசையையும் பார்த்துச் சமாதானமா என்று கேட்க வேண்டும். எந்தத் திசையிலாவது சமாதானம் இல்லையென்றால் சடங்கு இல்லை. ஊருக்குத் திரும்பியதும் தகப்பனாரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அங்கே பெருமாள் உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம் அவர். மரம் உண்டு என்றாராம் இவர். அப்படியானால் கோயிலில் ஸ்தல விருட்சத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை என்று வைத்துக்கொள், பரவாயில்லை என்றாராம் பெரியவர்.

எங்கள் ஊர்க் கோயில் கட்டின கதையைச் சொன்னபோது அவருக்கு இன்னும் உற்சாகம். வேலை செய்தவர்களுக்கு வன்னி மரத்து இலையை உருவிக் கூலியாகக் கொடுப்பாராம் முனிவர், செய்த வேலைக்குத் தக்கபடி அது பொன்னாகுமாம். மரமே சம்பளப் பட்டுவாடா செய்த ஊரில்தான் குடியிருக்கிறோமா என்று கேட்டு, அன்றைக்கே ஒரு அத்தியாயம் எழுதிவிட்டார்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தார். காலெல்லாம் சேறு. மணிமுத்தாற்றுக்கு அந்தப் பக்கம் ஆதிலட்சுமி கொல்லையில் ஒரு இலுப்பை மரம், அதில் மேல்கிளையில் ஆள் உயரத்துக்குப் புல்லுருவி, பூவும் பிஞ்சுமாக. இதற்கு இவ்வளவா என்று கேட்டேன். ட்ரூயிடுகளுக்கு மரத்தில் முளைக்கிற புல்லுருவிதான் எல்லாவற்றிலும் புனிதமாம். மண்ணைத் தொடாமல் வளர்கிற பச்சை. வருஷத்திலேயே பகல் குறுகின நாள் கழிந்து சூரியன் திரும்புகிற விடியலில் அதை அறுக்க வேண்டும். இந்த வருஷம் அது திங்கட்கிழமை, இருபத்திரெண்டாம் தேதி. இரும்பு படக் கூடாது, தங்க அரிவாள். தரையைத் தொடக் கூடாது, வெள்ளைத் துணியில் ஏந்த வேண்டும். ஊர் திரும்பி மூன்று வருஷமாகத் தேடியும் அறுக்கத் தோதான ஒன்று இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

பவுன் விலையைச் சொன்னேன். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. பிறகு எனக்கே ஒன்று தோன்றியது. டீ கப் விளிம்பில் தங்கப் பூச்சு வைத்துச் சுடுகிற ஊரில் இருந்துகொண்டு தங்கத்துக்கு அழுவதா? தொழிற்பேட்டையில் நல்லமுத்து என்று என்னோடு வியாபாரம் செய்கிற சூளைக்காரர். அவரிடம் பீங்கானில் ஒரு அரிவாள், விளிம்புக்குத் தங்கம் என்று சொல்லிவிட்டேன். உழவன் பொம்மைக்கா, எத்தனை டஜன் என்று கேட்டார். ஒன்று, கையில் பிடித்து அறுக்கிற அளவில் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அளவெடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஆதிலட்சுமியைப் பார்க்கப் போனோம். மாட்டுத் தரகர் ஒருவரின் மனைவி. புருஷன் போன பிறகு நிலத்தைத் தானே பார்க்கிறவர், தானே விலை பேசுகிறவர். வழியில் அம்மாவுக்குப் பாடம் சொன்னேன். வாங்கப் போகிற பொருளை முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஆசை தெரிந்தால் விலை ஏறும். சரி சரி என்றவர், மரத்தைக் கண்டதும் கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி நின்றுவிட்டார். ஆதிலட்சுமி அதைப் பார்த்தார். ஐந்து ரூபாய் என்றார், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற சரக்குக்கு.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? எங்கள் அத்தா சொல்லுவார், விற்கிற வாய் துதிக்கணும், வாங்குற வாய் பழிக்கணும் என்று. பழித்தேன். புல்லுருவி பிடித்த மரம் பிழைக்காது என்றேன். தூரில் தட்டிப் பார்த்து, உள்ளே பொந்து என்றேன். பட்டையைக் கிள்ளி, கரையான் என்றேன். மூன்று வருஷம் தாங்கினால் ஜாஸ்தி, பட்டுப்போனால் விறகு விலைகூடத் தேறாது, நாங்கள் இதை அறுத்து எடுத்துப்போவதே உங்களுக்கு உபகாரம் என்றேன். அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆதிலட்சுமியின் முகத்தில் கவலை வந்தது. ஐந்து மூன்றாகி, மூன்று ரெண்டே காலாகி முடிந்தது. திரும்பி வரும்போது பாலத்தில் நடக்கவில்லை, மிதந்தேன். அம்மாவோ அரிவாளுக்கு எத்தனை அங்குலம் பிடி வேண்டும் என்று காற்றில் வரைந்துகொண்டே வந்தார்.

வியாழக்கிழமை நல்லமுத்து கடைக்கு வந்தார். கையில் காகிதம் சுற்றிய அரிவாள். பிரித்துப் பார்த்தால், பிறை மாதிரி வெள்ளை, ஓரம் முழுக்கப் பொன். அம்மா வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். சூளையில் இருந்த கடைசி விறகில் வெந்தது இதுதான் என்றார் நல்லமுத்து. மழையால் விறகு வரத்து நின்றுபோய்த் தவித்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"உங்க புண்ணியத்துல மரம் கெடச்சிடுச்சு பாய். ஆத்துக்கு அந்தாண்ட, ஆதிலட்சுமி கொல்லையில. சாவப்போற மரம்னு நீங்கதான் சொன்னீங்களாமே. செத்து நட்டமாவறதுக்குள்ள குடுத்துடலாம்னு அந்தம்மாவே ஆளு வுட்டுச்சு. முந்நூறு ரூவா, அம்பது அச்சாரம் குடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம வெட்டு. தை கழிஞ்சா காஞ்சிடும், அடுத்த சூளைக்கு ஆவும்."

அவர் போன பிறகும் அம்மா அரிவாளைப் பிடித்தபடியே நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பாய், அந்த மரத்துக்கு நெஜமாவே நோவு இருக்குதா?"

"இல்லீங்கம்மா. நூறு வருஷம் நிக்கும்."

"அப்ப சொன்னது பொய்யா?"

"பொய் இல்லீங்க. பேரம்."

அவர் மெல்லப் படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். பத்து வேர் சொன்னால் பட்டுப்போகும் என்று நான் கதையில் எழுதினேன், இங்கே ஒரு வாய் போதுமாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தையில் எருமை மிதித்தது போல இருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, சொன்னதைத் திருப்பி எடுங்கள் என்றார். மரம் நிற்க வேண்டும், புல்லுருவி இல்லாவிட்டால் போகிறது, மரம் நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு போனேன். என் ஆயுளில் முதல் தடவையாக, அடுத்தவர் பொருளை அவரிடமே புகழ்ந்தேன். வைரம் பாய்ந்த மரம் என்றேன். பொந்து இல்லை, கரையான் இல்லை, உங்கள் பேரன் காலத்திலும் கொட்டை பொறுக்கலாம் என்றேன். வெட்டாமல் இருந்தால் நானே முந்நூறு தருகிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன். ஆதிலட்சுமி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"பாய், வாங்குறவரு பழிச்சா பேரம். வாங்குறவரு புகழ்ந்தா, அடியில ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். என் வூட்டுக்காரர் சந்தையில முப்பது வருஷம் நின்னவரு. எனக்கு இது கூடவா தெரியாது?"

நியாயம்தானே. அந்தப் பக்கம் நின்று நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். விஷயம் அதோடு நிற்கவில்லை. பீங்கான் மண்டி பாய் இலுப்பை மரத்துக்கு அலைகிறார் என்று ஊருக்குள் போனதும், மரத்தடியில் புதையல் என்றார்கள் சிலர். நெய்வேலி மாதிரி அடியில் நிலக்கரி என்றார்கள் கம்மாபுரம் பக்கத்துக்காரர்கள். சனிக்கிழமை பகலுக்குள் மரத்தைச் சுற்றி ஆறேழு பேர் குந்திவிட்டார்கள். ஒரு மர வியாபாரி பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஐந்நூறு என்றார். சாயங்காலம் எழுநூறு. எழுநூறு கொடுத்து வாங்குகிறவன் மரத்தை நிற்கவிட்டு நிழலா பார்ப்பான்? வேரோடு தோண்டுவான்.

அம்மாவிடம் மொத்தம் நூற்று எண்பது ரூபாய் இருந்தது. அது பத்திரிகை கொடுத்த ஆறு அத்தியாயக் கூலி. சனிக்கிழமை முழுக்க மாடியில் நடக்கிற சத்தம் கேட்டது. தாஜ் நிஷா சாப்பாடு கொண்டுபோனால், துண்டுக்குள் பத்து, இருபது, நாற்பது பிடிப்பது எப்படி என்று மறுபடி அவள் கையை வாங்கிப் பழகிக்கொண்டிருந்தாராம்.

ஞாயிறு காலையில் கொல்லையில் திருவிழாக் கூட்டம். கோடாலிக்காரர்கள் நாலு பேர், நல்லமுத்து, பெண்ணாடத்து மர வியாபாரி, வேடிக்கை பார்ப்பவர்கள். மரத்தில் கயிறு கட்டியாகிவிட்டது. நல்லமுத்துவுக்கு வேறு கோபம். அச்சாரம் கொடுத்த சரக்கை ஏலம் விடுவது எந்த ஊர் வழக்கம் என்று கத்தினார். அவர் பக்கம்தான் நியாயம். எங்கள் பக்க வழக்கப்படி, வாங்குகிறவர் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு. விற்கிறவர் பின்வாங்கினால் அச்சாரத்தை இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். ஆதிலட்சுமி அதற்கும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார். எழுநூறில் நூறு போனால் என்ன?

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். நேராக ஆதிலட்சுமிக்கு எதிரே நின்று, என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தன் கைமேல் விரித்துக்கொண்டு ஆதிலட்சுமி பக்கம் நீட்டினார். கூட்டம் அடங்கிவிட்டது. துண்டுக்குள் ரெண்டு பொம்பளைக் கை போனதை எங்கள் வட்டாரத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆதிலட்சுமி துண்டைப் பார்த்தார். புருஷன் முப்பது வருஷம் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, ஒரு தடவையாவது செய்து பார்க்க ஆசை இருக்காதா? கையை உள்ளே விட்டார்.

எங்களால் முகத்தைத்தான் பார்க்க முடியும். முதலில் ஆதிலட்சுமியின் புருவம் நெரிந்தது. அடுத்து உதடு கோணியது. கையை வெடுக்கென்று இழுக்கப் பார்த்தார், அம்மா விடவில்லை. பிடித்தபடியே வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வருஷம்."

துண்டுக்குள் பேரம் நடக்கும்போது பேசக் கூடாது. ஆனால் ஆதிலட்சுமி இழுப்பதை நிறுத்தினார். கண்ணை மூடினார். துண்டுக்கு அடியில் விரல்கள் அசைவது தெரிந்தது, நிற்பது தெரிந்தது, மறுபடி அசைவது தெரிந்தது. கோடாலிக்காரர் ஒருவர் பீடியைப் பற்றவைக்க மறந்து தீக்குச்சியில் கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு ஆதிலட்சுமி கண்ணைத் திறந்து அம்மாவை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, அத்தினி வருஷம் இது நிக்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

"நிக்காதுன்னா நான் பணம் கட்டுவேனா?"

ஆதிலட்சுமி துண்டை எடுத்து உதறினார்.

"மரம் விக்கறதுக்கில்ல. எல்லாரும் போயிட்டு வாங்க. கயித்த அவுருப்பா."

பேரம் இதுதான். அம்மா முதலில் ரெண்டு விரல் பிடித்தார், பிறகு நாலு. இருநூறா, நானூறா, எழுநூறு கேட்டவன் பக்கத்தில் நிற்கும்போது இது என்ன விளையாட்டு என்று ஆதிலட்சுமிக்குக் கோபம். வருஷம் என்ற சொல் விழுந்ததும் விளங்கிவிட்டது. இருபது வருஷத்துக்குக் குத்தகை. வருஷத்துக்கு நாற்பது ரூபாய். மரத்துக்கு இல்லை, மரத்தில் இருக்கிற புல்லுருவிக்கு மட்டும். மரம் ஆதிலட்சுமியுடையது. பூவும் கொட்டையும் நிழலும் அவருடையது. மரம் நிற்கிற வரைக்கும் பணம் வரும், வெட்டினால் நின்றுபோகும். மூன்று வருஷப் பணம் நூற்று இருபது அன்றைக்கே முன்பணம்.

இருபது நாற்பது எண்ணூறு. எழுநூறு கேட்டவன் மரத்தைக் கொண்டுபோவான், எண்ணூறு கொடுப்பவர் மரத்தை விட்டுவிட்டுப் போகிறார். நான் பேரத்தில் பிறந்தவன், பேரத்தில் வளர்ந்தவன். விற்கிறவர்களிடமே பொருளை விட்டுவைப்பதற்குக் காசு கொடுக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆதிலட்சுமி விற்க நினைத்ததே மரம் செத்துப்போகும் என்ற பயத்தில். என் புகழ்ச்சியில் அந்தப் பயம் போகவில்லை. இருபது வருஷத்துக்கு ஒருவர் மடியை அவிழ்த்ததும் போய்விட்டது. வார்த்தையை மாற்றி மாற்றிச் சொல்லலாம், முன்பணத்தை யாரும் விளையாட்டுக்குக் கட்டமாட்டார்கள். ஏன் இருபது வருஷம் என்று பிறகு கேட்டேன். ஒரு ட்ரூயிடு முழுதாகப் படித்து முடிக்க அந்தக் காலத்தில் இருபது வருஷம் ஆகுமாம். மரம் வாத்தியார், நான் மாணவி, பள்ளிக்கூடச் சம்பளம் நாற்பது ரூபாய் என்று சொல்லி, கொல்லை வரப்பிலேயே ஓடினார். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு டாக்டர், முப்பத்து நாலு வயதில்.

நல்லமுத்து மட்டும் நகரவில்லை. அச்சாரம் ஐம்பதை ஆதிலட்சுமி திருப்பிக் கொடுத்துவிட்டார். அபராதம் ஐம்பதை யார் தருவது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பணத்தைப் போட்டுச் சூளை எரிக்க முடியுமா, விறகுக்கு என்ன வழி பாய் என்றார். முந்திரிக்காட்டில் கழித்த கட்டை எனக்குத் தெரிந்தவரிடம் ரெண்டு வண்டி இருந்தது. அதைத் தர ஒப்புக்கொண்டேன். விலையில் முப்பத்தைந்து ரூபாய் என் தலையில் விழுந்தது. பேரம் பேச எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை விடியலில் கொல்லைக்குப் போனால், முதல் நாள் வெட்ட வந்த நாலு பேரும் அங்கே நின்றார்கள். கூலி கிடையாது என்றேன். தெரியும், பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். நல்லமுத்துவும் வந்திருந்தார், அரிவாள் தாங்குமா என்று அவருக்கு ரகசியக் கவலை. தாஜ் நிஷா வண்டியிலேயே ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். நமக்கு இதெல்லாம் மார்க்கத்தில் ஆகுமா என்று வழியெல்லாம் கேட்டாள். நான் துணி பிடிக்கிற ஆள்தான் என்று சொல்லியிருந்தேன்.

அம்மா வெள்ளைச் சேலையில் கிழக்கே திரும்பி நின்று, சமாதானமா என்று கேட்டார். தமிழில்தான். பதில் சொல்ல வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? கோடாலிக்காரர்களில் மூத்தவர், சமாதானந்தாங்க என்றார். தெற்கே கேட்டார், ஆதிலட்சுமி சொன்னார். மேற்கே கேட்டபோது நல்லமுத்து கொஞ்சம் தாமதித்து, முந்திரி விறகு வந்துட்டா சமாதானம் என்றார். வடக்கே நான் நின்றேன். ஸலாம் என்றால் சமாதானம்தான், எங்களுக்கு அது ஆளைக் கண்டால் சொல்கிற சொல்தானே. சொன்னேன். அம்மாவின் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. வேல்ஸில் இவ்வளவு பலமாகப் பதில் வந்ததில்லை என்றார்.

ஏணி வைத்து ஏறினார். என் துண்டை நாலு கோடாலிக்காரரும் மூலைக்கு ஒருவராகப் பிடித்தார்கள், நான் நடுவில் கையேந்தி நின்றேன். ஆற்றுக்கு மேலே சூரியனின் முதல் கீற்று வந்ததும் பொன் விளிம்பு ஒரு தரம் மின்னியது. பீங்கான் அறுத்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூன்றாம் தரம் பிடி முறிந்து நல்லமுத்து ஐயோ என்றார். அதற்குள் கொத்து கழன்றுவிட்டது. சிவப்புப் பூவோடும் இலையோடும், ஒரு பிள்ளை கனத்துக்கு, மேலேயிருந்து வந்து துண்டில் விழுந்தது. துண்டு ஒரு பக்கம் டர்ரென்று கிழிந்தது. நாலு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து, கையைக் கொடுத்து, மண்ணில் படாமல் தாங்கிவிட்டார்கள். மரம் வெட்டுகிற கைகள். அம்மா ஏணியிலிருந்து பார்த்துக் கூவியதைக் கேட்டு ஆற்றங்கரைக் கொக்கெல்லாம் எழும்பின.

எல்லாருக்கும் ஒரு கிளை ஒடித்துக் கொடுத்தார். நல்லமுத்து சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஆதிலட்சுமி தன் பங்கை வாங்கி, கண்ணில் ஒற்றி, அங்கேயே ஆட்டுக்குப் போட்டார். அம்மா அதையும் ரசித்துப் பார்த்தார்.

மறுநாள் கடைக்கு வந்து, செலவுக் கணக்கைக் காட்டுங்கள் என்றார். சொந்தப் பற்றில் எழுதியாகிவிட்டது, அதெல்லாம் வேண்டாம் என்றேன். பேரேட்டைத் தானே திருப்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் வாய்ச் செலவு என்ற தலைப்பில் எழுதியிருந்தேன். பென்சிலை எடுத்துக் கேட்டார்.

"நீங்க பழிச்சப்போ பக்கத்துல நின்னது யாரு? அப்பவே நெஜமான்னு ஒரு வார்த்தை கேட்டனா? பேச்சுல சொல்றவர் பாதி, கேக்கறவர் பாதி. எங்க படிப்புல இது மொத பாடம் பாய்."

விட்டுக்கொடுங்கள் என்று நான் ஒரு பக்கம், முடியாது என்று அவர் ஒரு பக்கம். உங்களுக்குக் கால் பங்கு போதும் என்று இறங்கிப் பார்த்தேன், அவர் பாதியிலிருந்து அசையவில்லை. கடைசியில் அவர் சொன்னபடியே எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

1969 மார்கழி, இலுப்பை மர வகையில் செலவு:
அச்சார அபராதம், நல்லமுத்துவுக்கு: 50.00
முந்திரி விறகு விலையில் விட்டது: 35.00
வண்டி வாடகை: 4.00
ஞாயிறு, திங்கள் டீ, பன்: 3.50
கிழிந்த துண்டு ஒன்று: 2.50
ஆக மொத்தம்: 95.00

இதில் வாய்ப் பற்று, சனாவுல்லா: 47.50
காதுப் பற்று, அம்புஜவல்லி, ரொக்கம் வரவு: 47.50
பாக்கி இல்லை.